எஸ்கலேட்டர்

திருமயிலை ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் நின்றுபோய்
ஐந்து மாதம்.
'பழுது பார்க்கப்படுகிறது' பலகையின் தூசியில்
யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்:
எப்போ?

வேறு வழியில்லாமல்தான் தொடங்கியது
என் உடற்பயிற்சி.
தொண்ணூற்றெட்டுப் படி.
முதல் வாரம் முப்பதாவதில் நின்று
போன் வந்ததுபோல் நடித்தேன்.
கீழே பக்கிங்ஹாம் கால்வாய்
என்னைவிட நிதானமாக மூச்சு விட்டது.

தரமணியில் லேப் வேலை.
நாளுக்கு எண்பது கை.
ரப்பர் பட்டை கட்டி, விரலால் நரம்பு தேடி,
"கையை மடக்குங்க, அவ்வளவுதான், முடிஞ்சுது."
இருபது வருஷம் ஊரார் ரத்தம் படித்தவள்
என்னுடையதைப் பிரித்ததே இல்லை,
தன் பேருக்கு வந்த கடிதத்தைப்
பையிலேயே விட்டுவைத்த தபால்காரர் மாதிரி.

பிரித்தபோது வயது நாற்பத்தாறு.
மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி இரண்டு.
எல்லைக்கோட்டில் ஒரு கால்.
மெஹருன்னிசா ஒன்றும் சொல்லவில்லை.
என் டிபன் பாக்ஸைத் திறந்து
கேசரியை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

படித்த பாடம்தான்;
தொடை எரிந்தபோதுதான் புரிந்தது.
இன்சுலின் முன்வாசலில்
மணியடித்துக் காத்திருக்கையில்
சுருங்கும் தசை பின்கதவைத் திறந்து
சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்கிறது.
சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை.

கார்ட்டிசால் வேறு ரகம்.
படியேறும்போது கூடவே ஏறும்,
உட்கார்ந்தால் இறங்கும்.
ஏறி இறங்கிப் பழகியதாலோ என்னவோ
வீட்டுக்காரர் வாடகையை உயர்த்திய அன்று
நெஞ்சு முன்போல் அடித்துக்கொள்ளவில்லை.
இதற்கு ரிப்போர்ட் கிடையாது.
வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு ஞாயிறு, கூட்டமில்லாத மத்தியானம்,
லேபின் நான்கு மாடியை
பத்துத் தடவை ஏறி இறங்கினேன்.
மூன்று ட்யூப் எடுத்தாள் மெஹருன்னிசா.
ஏறுமுன் லிம்போசைட் இரண்டாயிரத்து நூறு.
ஏறி முடித்த கையோடு மூவாயிரத்து நானூறு.
எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பேர்?
வெளியூர் ஆட்கள் இல்லை.
ரத்தக்குழாய்ச் சுவரோரம், மண்ணீரல் மூலையில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தூங்கிய
அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள்.
அட்ரினலின் வந்து நாற்காலியை உதைத்திருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் கழித்து
ஆயிரத்து எழுநூறு.
வழித்துப் போட்டதுபோல் ஆகிவிட்டதே என்று
கை சில்லிட்டது எனக்கு.
"செத்துப் போகலடி," என்றாள்,
ட்யூபை வெளிச்சத்துக்குத் திருப்பி.
"டியூட்டிக்குப் போயிருக்காங்க."

நுரையீரல் சந்துகளுக்கு,
குடலின் நெடுந்தெருவுக்கு,
டார்ச் அடித்துக்கொண்டு, கதவு கதவாக,
என்னிடம் கையெழுத்து வாங்காமல்
எனக்காக ஒரு ரோந்து.
அன்று ராத்திரி
கொசுவர்த்தி அணைந்ததுகூடத் தெரியாமல் தூங்கினேன்.

ஐப்பசி மழையில் சளி பிடித்தது.
பிடிக்கவில்லை என்றால் பொய்.
நான்கு நாள். போன வருஷம் பதினொன்று.
படிக்கட்டா, அதிர்ஷ்டமா?
ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு மழைக்காலம்;
இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது
என்று லேபில் இருக்கும் நானே சொல்லிவிடுகிறேன்.
மூன்று மாதச் சர்க்கரை மட்டும்
ஐந்து புள்ளி எட்டுக்கு வந்திருந்தது.
கேசரி இன்னும் மெஹருன்னிசாவுக்குத்தான்.

போன வியாழக்கிழமை பலகை இல்லை.
எஸ்கலேட்டர் ஓடியது.
காய்கறிப் பை, லேப்டாப் பை, தூங்கும் குழந்தை
எல்லாம் அசையாமல் மேலே போய்க்கொண்டிருந்தன.
நானும் கால் வைத்தேன்.
நிற்கத்தான் நினைத்தேன்.
இரண்டு நொடி.
பிறகு இடப்பக்கம் ஒதுங்கி
ஓடும் படியில் ஏற ஆரம்பித்திருந்தேன்.

"அதான் தானா நகருதே,
எதுக்கும்மா ஏறுறே?"
முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன்.
பதில் சொல்ல மூச்சு இருந்தது.
பதில்தான் கிடைக்கவில்லை.